நான் போட்ட இரண்டு நட்சத்திரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சூலியா தெருவில் நடப்பது என் பழக்கம். கிங் தெரு முனையில் இருக்கும் நாகூர் தர்காவைத் தாண்டி, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். முதுகுப்பையோடு வரும் வெளிநாட்டுப் பயணிகள் படித்து முடித்து விற்றுவிட்டுப் போன ஆங்கில நாவல்கள்தான் அங்கே அதிகம். கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில் கொஞ்சம் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கும்.

போன ஆண்டு ஒருநாள் அந்தத் தட்டின் முன் குனிந்திருந்தேன். ஓர் அட்டையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. மலேசிய எழுத்தாளர் ஒருவர் சொந்தக் காசில் அச்சிட்ட சிறுகதைத் தொகுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கி, நாற்பது பக்கம் படித்து, அச்சுப் பிழைகளில் எரிச்சலாகி மூடி வைத்தேன். அன்றிரவே ஒரு பிரபல புத்தகத் தளத்தில் அதற்கு இரண்டு நட்சத்திரம் போட்டேன். ஒரு வரிகூட எழுதவில்லை. அதோடு மறந்தும் போனேன்.

“அதை எழுதினவர் இவர்தான், தம்பி” என்றார் கடைக்காரர். நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வணக்கம் சொன்னேன்.

“என் பேரன் கைப்பேசியில காட்டினான்” என்றார் சிரித்தபடி. “உலகமே பார்க்குற தளமாமே. அதுல என் புத்தகத்துக்கு அஞ்சுக்கு ரெண்டு. எத்தனை பேர் போட்டிருக்காங்கன்னு கேட்டேன். ஒரே ஒருத்தர்னான். நானும் முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு மார்க் போட்டவன்தான். ஆனா, எங்கே தப்புன்னு சிவப்பு மையில எழுதாம போட்டதில்ல.”

அந்த ஒருத்தர் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. புத்தகத்துக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆங்கிலத்தில் பெயர் பெற்ற நாவலுக்கு லட்சம் பேர் மதிப்பெண் போடுகிறார்கள். அதில் என் இரண்டு நட்சத்திரம் கடலில் கரைத்த உப்பு. நம்மவர் புத்தகத்துக்கோ அந்த ஒன்றுதான் சராசரி, அதுதான் தீர்ப்பு. தேடி வருகிற அடுத்த வாசகர் ‘2.0’ என்பதைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவார். நாற்பது பக்கம் மட்டுமே படித்தவன் போட்டது என்று அவருக்கு யார் சொல்வது?

லட்சக்கணக்கில் வாசகர்கள் இருந்தாலும் நட்சத்திரம் ஏமாற்றும். 2007இல் தொடங்கிய குட்ரீட்ஸ் தளத்தை 2013இல் அமேசான் வாங்கியது. புத்தகம் என்றாலே பலரும் முதலில் தட்டுவது அதைத்தான். 2023இல் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் தன் புதிய நாவலை அறிவித்தார். கதை ரஷ்யாவில் நடக்கிறது என்பதற்காகவே, புத்தகம் வெளிவரும் முன்பே நூற்றுக்கணக்கானோர் அங்கே ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அவர் வெளியீட்டையே தள்ளிவைத்தார். படிக்காமலேயே மதிப்பெண் போட முடிகிறது என்பதுதான் இதில் உறுத்தும் விஷயம்.

அன்று முதல் மாற்று வழிகளைத் தேட ஆரம்பித்தேன். லண்டனைச் சேர்ந்த நாடியா ஒடுனாயோ என்ற இளம் பெண் மென்பொருள் வல்லுநர் 2019இல் தொடங்கிய தளம் ஸ்டோரிகிராஃப். அங்கே நட்சத்திரம் கட்டாயமில்லை. கதை மனத்தை எப்படி வைத்திருந்தது, வேகமாகப் போகிறதா நிதானமாகப் போகிறதா என்றெல்லாம் கேட்கிறது. மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் கால் நட்சத்திர அளவுக்கு நுணுக்கமாகப் போடலாம். 2005 முதல் இயங்கும் லைப்ரரிதிங், வீட்டு அலமாரியைப் பட்டியலிட்டு வைக்க வசதியானது. பட்டியலில் இல்லாத புத்தகத்தை நாமே சேர்க்கலாம். நம் புத்தகங்களில் பல அங்கே இல்லாததால் இந்த வசதிதான் நமக்கு முக்கியம்.

தமிழில் விமர்சனம் படிக்க வேண்டுமென்றால் தூரம் போக வேண்டியதில்லை. நம் நாட்டு வல்லினம் இணைய இதழில் மலேசியப் படைப்புகளைப் பற்றி நீண்ட கட்டுரைகள் கிடைக்கும். பாராட்டோ கண்டனமோ, காரணத்தோடு இருக்கும். தமிழ் விக்கி தளத்தில் எழுத்தாளர்களைப் பற்றிய குறிப்புகள் உண்டு. பழைய நூல்களையே படிக்க, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளமும் இலவசமாகத் திறந்திருக்கின்றன.

அந்தச் சிறுகதைத் தொகுப்பை இம்முறை கடைசிவரை படித்தேன். பிழைகள் அப்படியேதான் இருந்தன. ஆனால், கடைசிக் கதையில் ஒரு பாட்டி வருகிறார். தோட்டம் விற்கப்பட்டு, அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய பிறகும் பால்வெட்டுக் கத்தியைத் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். என் பாட்டியும் தோட்டத்தில் பால் வெட்டியவர்தான். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது.

பழைய இரண்டு நட்சத்திரத்தை அழித்தேன். ஸ்டோரிகிராஃபில் அந்தப் புத்தகத்தைத் தேடினேன், இல்லை. பத்து நிமிடம் செலவழித்து, அட்டைப்படத்தோடு நானே சேர்த்தேன். பிறகு தமிழில் ஒன்பது வரி எழுதினேன். பிழைதிருத்தம் சரியில்லை என்பதையும் எழுதினேன், அந்தப் பாட்டியைப் பற்றியும் எழுதினேன்.

அடுத்த மாதம் அதே கடையில் வாத்தியாரைப் பார்த்தேன். கைப்பேசியை நீட்டி, “ஐயா, அந்த ரெண்டு போட்டது நான்தான். மன்னிச்சிருங்க” என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்பது வரியையும் நிதானமாகப் படித்தார். பிழைகளைப் பற்றிய வரி வந்ததும் தலையசைத்தார்.

“இது சரி, தம்பி. எந்தெந்தப் பக்கம்னு குறிச்சுக் குடுங்க. அடுத்த பதிப்புல திருத்திடுறேன்.”

பட்டியல் மூன்று தாளுக்கு வந்தது. சிவப்பு மையில்தான் எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் நம் ஊர்க்காரர் எழுதிய புத்தகம் ஒன்று இருக்கும். இந்த வாரம் அதை எடுத்து முழுதாகப் படித்து நாலு வரி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, ஏன் என்று எழுதுங்கள்.