‘புழு இல்லை’ என்று எழுதும் முன்

உடலின் தற்காப்பு அணுக்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் வருவது முதல் வகை நீரிழிவு. இதற்கும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியைத் தடுப்பாற்றல் அறிஞர்கள் பல ஆண்டுகளாக அலசி வருகின்றனர். ஆனால் யாருக்குப் புழு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது முடிவாவது அவர்களுடைய ஆய்வுக்கூடங்களில் அன்று, மலப் பாத்திரங்கள் வந்து சேரும் சோதனைக்கூடத்தின் கடைக்கோடி மேசையில்தான். அந்த மேசைக்கு உரிய மரியாதை இன்றுவரை கிடைத்ததில்லை.

கருத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. தொற்றுகள் குறைந்த வீடுகளில் ஒவ்வாமை மிகுகிறது என்று 1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன் எழுதினார். தானாகவே நீரிழிவு வரும் இயல்புடைய எலிகளுக்குச் சிஸ்டோசோமா என்னும் இரத்தப்புழுவின் தொற்றை ஏற்றினால் அந்நோய் தடுக்கப்படுகிறது என்று 1999இல் கேம்பிரிட்ஜின் ஆன் குக் குழுவினர் காட்டினர். புழு தான் பிழைத்திருப்பதற்காக விருந்தோம்பியின், அதாவது தனக்கு இடம் கொடுத்த உடலின், எதிர்ப்பைத் தணிக்கிறது என்றும், அத்தணிப்பு கணையத்துக்கும் காப்பாக அமையலாம் என்றும் இதற்கு விளக்கம் கூறப்படுகிறது.

தமிழ்நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தது சென்னை. 2010இல் வெளியான அந்த ஆய்வில், முதல் வகை நீரிழிவுடைய 200 பேரில் ஒருவருக்குக்கூட யானைக்கால் புழுவின் தொற்று காணப்படவில்லை; நீரிழிவு இல்லாத 562 பேரில் 2.6 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இரு குழுக்களுக்கும் வயது வேறுபாடு இருந்ததை ஆய்வாளர்களே குறிப்பிட்டுள்ளனர். கொசு ஆண்டுக்கணக்கில் கடித்த பிறகே நிலைபெறும் தொற்று இது என்பதால், இளையவர்களிடம் அது குறைவாக இருப்பதில் வியப்பில்லை. ஆகவே அந்தச் சுழியத்தைச் சான்று என்பதைவிடக் குறிப்பு என்று கொள்வதே நேர்மை.

கொங்கு நாட்டில் யானைக்கால் நோய் கடலோர மாவட்டங்களைப்போல வேரூன்றியதில்லை; இங்கே தேட வேண்டியது வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்பவரின் தோலைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழுவையும், அதைப்போலவே உட்புகும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் நூலிழைப் புழுவையும். இவற்றைக் காண்பது சொல்லுமளவு எளிதன்று. கேட்டோ-கட்ஸ் முறையில், 41.7 மில்லிகிராம் மலத்தைத் தகட்டில் வைத்து, கிளிசரினில் ஊறிய செல்லோபேனால் மூடி அழுத்தினால், கிளிசரின் மலத்தைத் தெளியவைக்கும். உருளைப்புழுவின் முட்டை தடித்த ஓட்டுடன் அப்படியே நிற்க, மெல்லிய ஓடுடைய கொக்கிப்புழு முட்டையோ அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்குள் தானும் தெளிந்து கண்ணுக்கு மறைந்துவிடும். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்ப்பவருக்குத் தகட்டில் ஒன்றும் தென்படாது.

அதைவிடப் பிடிவாதமான சிக்கல் புழுக்குஞ்சுகளில் இருக்கிறது. வால்பாறை எஸ்டேட்டிலிருந்து காலையில் புறப்பட்ட மாதிரி, மலைப்பாதையில் இறங்கி, பொள்ளாச்சி வெயிலில் காத்துக் கிடந்து, மறுநாள் கோவை மேசைக்கு வந்தால், அதற்குள் கொக்கிப்புழு முட்டை பொரித்துக் குஞ்சு நெளியத் தொடங்கியிருக்கும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸோ புதிய மலத்திலேயே குஞ்சாகத்தான் வெளிவரும். எனவே நெளிவதையெல்லாம் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று எழுதுவது அவசரக்காரரின் பழக்கம். பழகிய கை ஒரு துளி அயோடின் விட்டு அசைவை நிறுத்தி, உருப்பெருக்கத்தைக் கூட்டி, வாய்க்குழியை அளக்கும்: நீண்டிருந்தால் கொக்கிப்புழு, குறுகியிருந்து உடலின் நடுவில் இனப்பெருக்க உறுப்பின் கரு தெளிவாகத் தெரிந்தால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். மாதிரி கெடக்கூடாதென்று குளிர்ப்பெட்டியில் வைத்தாலோ, உயிருள்ள குஞ்சு ஊர்ந்து காட்ட வேண்டிய அகார் தட்டுச் சோதனைக்கு அது உதவாமல் போகும். இத்தனை கவனத்துக்குப் பின்னும் மெல்லிய தொற்று ஒரே மாதிரியில் தப்பிவிடுமாதலால், மூன்று நாள் மாதிரி கேட்பது பழைய நெறி.

இன்று மூன்று மாதிரி கேட்டால் நோயாளிக்குச் சலிப்பு, மேலாளருக்கு எரிச்சல். மலமேசை புதிதாகச் சேர்ந்தவருக்கோ தண்டனை பெற்றவருக்கோ ஒதுக்கப்படும் இடமாகிவிட்டது; இயந்திரம் ஒரு மணியில் நூறு இரத்த மாதிரிகளின் அணுக்களை எண்ணித் தரும் கூடத்தில், ஒரு தகட்டின்மேல் பத்து நிமிடம் குனிந்திருப்பவர் சோம்பேறி எனப் பெயரெடுக்கிறார். தகட்டைச் சரியாகப் பாராமலே ‘முட்டை, நீர்க்கட்டி காணப்படவில்லை’ என்று அச்சிடும் கூடங்களும் உண்டு. அத்தகைய அறிக்கையைத் திரட்டி யாரேனும் நீரிழிவையும் புழுவையும் ஒப்பிட்டால், அவர் ஒப்பிடுவது நோய்களையன்று, கூடங்களின் அலட்சியத்தை. ஜவ்வாது மலையை உள்ளடக்கிய டிவார்ம்3 என்னும் குடற்புழு ஆய்வில் ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு தகடு பார்த்தார்கள். அந்தப் பொறுமை ஊர்க்கூடங்களுக்கு எட்டாதது அன்று.

இதைப் படித்துவிட்டுப் புழு நல்லது என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்குகிறது; 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கத்தான் வேண்டும், முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைக்கு இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ஆனால் அந்த மாத்திரை தொற்றை நீக்கவோ குறைக்கவோ செய்வதால், அதை எப்போது விழுங்கினார் என்பது தெரியாத மாதிரி பாதி ஊமை. கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டார மருத்துவர்கள் தங்கள் சோதனைச் சீட்டில் இரண்டே வரி சேர்த்தால் போதும்: மலம் எடுத்த நேரம், கடைசியாகப் பூச்சி மாத்திரை எடுத்த மாதம்.