ஆறும் பத்தும்

எண்ணைத் தலைப்பிலே தாங்கிய திரைப்பாடல்கள் தமிழில் பல உண்டு. ஆயினும், பின்னாளில் ‘இயேசு காவியம்’ படைத்த கண்ணதாசன் ‘ஆண்டவன் கட்டளை’ (1964) படத்துக்கு எழுதி, டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘ஆறு மனமே ஆறு’ ஞானோபதேசம் பயின்ற நம்மைச் சற்றே திகைக்க வைக்கும். ஆறு என்பது தணிதலுமாகும், எண்ணுமாகும். (நம் நொய்யலும் ஒரு காலத்தில் ஆறுதான்!) ஆனால் சீனாய் மலையில் அருளப்பட்டவை பத்து அல்லவா? நல்லவேளை, பழைய ஞானோபதேசத்தில் திருச்சபையின் கட்டளைகளும் ஆறே. அவற்றுள் முதலாவது ஞாயிறு திருப்பலி.

சோமனூரில் அந்த முதலாவதுதான் கடினம். சனி இரவு ஷிப்டு முடித்து வரும் தறித் தொழிலாளியின் செவியில் விசைத்தறியின் ஓசை ஆலயத்திலும் ஓய்வதில்லை. மறையுரையின் நடுவே அவர் கண்ணயர்வதைக் குறை சொல்வாரும் உளர், நாம் சொல்லமாட்டோம்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். ஊர் அமைதியாயிற்று. ஓய்வு கிடைத்தது, வாரச் சம்பளம் நின்றது. அந்நாட்களில் அண்டை வீட்டு வானொலியில் இப்பாடல் ஒரு சொல் விடாமல் நமக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தவர்களுக்கோ மனம் ஆறவில்லை.