காலதர்

கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியாகிய சாளரத்தைக் காலதர் என்றனர் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தில் வரும் இச்சொல்லை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வந்தேன். ஆயினும், அதன் பொருளை நான் உணர்ந்தது ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்திலேதான்.

1996 ஆம் ஆண்டு, பங்குனி மாதம். ஆய்வுக்கூடத்திலிருந்து என் பிற்பகல் வகுப்பிற்கு வரும் மாணவன் ஒருவன் நாள்தோறும் கண்ணயர்ந்தான். "தமிழ் என்றால் உறக்கமோ?" என்று பலர் முன்னிலையில் கடிந்தேன். அவன் தலைகுனிந்தான், மறுமொழி கூறவில்லை.

மறுநாள் அவன் ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தான் எனக் கேட்டு விரைந்தேன். வாயிலில் கால் வைத்ததும் அனல் முகத்தில் அறைந்தது. மேசைதோறும் எரிவிளக்குகள் எரிந்தன. சுடர் அசையலாகாது என்று சாளரங்கள் யாவும் சாத்தப்பட்டிருந்தன. நம் உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. சூழ்ந்த காற்றும் அவ்வளவு வெம்மையுற்றால், வியர்வை ஆவியாதலே உடலைக் குளிர்விக்கும். காற்று அசையாவிடில் அதுவும் குன்றும்.

முதிய பணியாளர் ஒருவர் நீண்ட கழியால் சுவரின் உச்சியிலிருந்த சிறு சாளரங்களைத் தள்ளித் திறந்தார். பின்பு, விளக்குகளுக்கு எட்டத்தில், தாழ்வாரத்துப் பக்கச் சாளரங்களையும் திறந்தார். வெப்பக் காற்று இலேசானது. ஆதலின் மேலே எழுந்து வெளியேறியது. அதன் இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழே புகுந்தது. சுடர்கள் அணையவில்லை, மாணவன் கண் விழித்தான்.

"காற்றுக்கு வரவும் வழி வேண்டும், ஐயா, போகவும் வழி வேண்டும்" என்றார் முதியவர்.

"இதனை முன்னரே செய்திருக்கலாகாதா?" என்றேன்.

"திறக்க எனக்கு உரிமை இல்லையே, ஐயா!" என்றார் அவர்.

அச்சொல் என்னைச் சுட்டது. குளிரூட்டும் பொறியில்லாத கூடங்களில், சாளரத்தைத் தாமே திறக்கவும் மூடவும் உரிமையுடையோர் சற்று மிகுந்த வெப்பத்தையும் இனிதே ஏற்பர் என்று அறிஞர் பின்னர்க் கண்டனர். 2004 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் ஒன்று, கட்டட வெப்பநிலைக்கான தன் நெறிமுறையில் இவ்வுண்மையைச் சேர்த்தது. முதியவரோ அதனை அன்றே அறிந்திருந்தார்.

அம்மாணவன் வகுப்பிற்குத் திரும்பிய நாளில், கடிந்த அதே இடத்தில் நின்று, "தம்பி, பிழை என்னுடையது" என்றேன்.

மாணவர்களே! ஒருவர் சோர்ந்திருக்கக் கண்டால் அவரைச் சோம்பர் எனப் பழியாதீர்கள். முதலில் எழுந்து சென்று சாளரத்தைத் திறந்து பாருங்கள்.