மக்கள் காசில் ஒரு பழைய கணினி

தோழர்களே, இந்த முறை தீர்ப்பைப் பற்றியோ அறிக்கையைப் பற்றியோ எழுதவில்லை. ஒரு பழைய கணினியைப் பற்றியும், அதைச் சரிசெய்யப் போய் நாங்கள் பட்ட பாட்டைப் பற்றியும் எழுதுகிறோம். உங்களில் பலர் கைப்பேசியும் கையுமாகக் களத்தில் நிற்கிறீர்கள். எடுத்ததை வெட்டி, ஒட்டி, எழுத்துப் போட்டு அனுப்ப இரவெல்லாம் விழித்திருக்கிறீர்கள். எனவே இது உங்கள் கதையும்தான்.

விழுப்புரம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் ஒரு மேசைக் கணினி. ஒரு தோழர் வேலை பார்த்த இடத்தில் கழித்துக் கட்டியதைக் கேட்டு வாங்கி வந்தோம். ஐ5-2400 என்ற 2011ஆம் ஆண்டு சிப், நான்கு கோர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மனு தட்டச்சு செய்யவும் மாணவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பவும் அது போதுமானதாக இருந்தது. வீடியோ வேலைக்கு இழுத்தபோதுதான் மூச்சு வாங்கியது.

சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை ஒன்றில் பதினொரு பேரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தோம். மொத்தம் மூன்று மணி நேரம். யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள் என்று 52 நிமிடமாகச் சுருக்கினோம். மறுநாள் காலை அமைதிப் பேச்சுவார்த்தை. அங்கே போட்டுக் காட்டுவது என்று முடிவு. இரவு 9 மணிக்கு ஏற்றுமதி பொத்தானை அழுத்தினோம். 7 மணி நேரம் ஆகும் என்று காட்டியது. சரி, விடியுமுன் முடிந்துவிடும் என்று படுத்தோம்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. காலையில் பார்த்தால் கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை. ஆறு மணி நேர உழைப்பு குப்பையாகக் கிடந்தது.

பேச்சுவார்த்தையில் ஆயா ஒருவர் எழுந்து பேசினார். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில், முழங்கால் சேற்றில் போனதைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டே நிமிடத்தில், "போதும்மா, எழுதிக் கொடுங்க" என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அவர் எழுதிக் கொடுக்க வேண்டியதைத்தான் நாங்கள் படமாக எடுத்து வைத்திருந்தோம். அது எங்கள் அறையில் திறக்காத கோப்பாகக் கிடந்தது.

அந்த வாரமே உண்டியல் வைத்தோம். பத்தும் இருபதுமாக, ஐம்பதும் நூறுமாக 9,200 ரூபாய் சேர்ந்தது. கொடுத்தவர்கள் பெரும்பாலும் கூலிக்குப் போகிறவர்கள். இங்கேதான் நாங்கள் தப்பு செய்தோம்.

கையில் காசு வந்ததும் கடைக்கு ஓடினோம். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 1,700 ரூபாய். ஜிடி 1030 என்ற பழைய கிராஃபிக்ஸ் கார்டு 3,500 ரூபாய். "கார்டு போட்டா வீடியோ பறக்கும்" என்று கடையில் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டோம். அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது எங்களுக்குப் பாதி புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். மேடையில் அத்தனை பேசுகிற நாங்கள், கடை மேசைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். கணினி இருபது நொடியில் திறந்தது. எல்லோரும் கைதட்டினோம். வீடியோவை ஏற்றுமதி செய்தோம். அதே 7 மணி நேரம்.

பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி அப்போது வந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "ஏண்ணா, எது மெதுவா இருக்குன்னு பார்த்தீங்களா, இல்ல எது விக்குதுன்னு பார்த்தீங்களா?"

டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினாள். ஏற்றுமதி ஓடும்போது சிப் 100 சதவீதத்தில் நிற்கிறது. டிஸ்க் சும்மா இருக்கிறது. கார்டும் சும்மா இருக்கிறது. வீடியோ என்கோடிங் என்பது ஒவ்வொரு படத்தையும் முன்பின் படங்களோடு ஒப்பிட்டு, எது மாறியது, எது மாறவில்லை என்று கணக்குப் போட்டுச் சுருக்கும் வேலை. அது சிப்பின் வேலை. எஸ்எஸ்டி கோப்பை விரைவாக எடுத்துத் தரும், கணக்கைப் போட்டுத் தராது. கிராஃபிக்ஸ் கார்டில் என்கோடிங்குக்கென்றே தனிப் பகுதி இருந்தால்தான் அது கைகொடுக்கும். நாங்கள் வாங்கிய ஜிடி 1030இல் அந்தப் பகுதியே கிடையாது. ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுகளிலும் கிடையாது. கார்டு என்று பெயர் இருந்தால் போதும் என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகு அவள் சொல்படி நடந்தோம்.

முதலில் கேபினெட்டைத் திறந்தோம். சிப்பின் மேலிருந்த ஹீட்சிங்க்கில் கம்பளி போலத் தூசி. சூடு அளவு மீறினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டி, காய்ந்துபோன பசையைத் துடைத்து, 150 ரூபாய்க்கு புதிய தெர்மல் பேஸ்ட் தடவினோம். 7 மணி நேரம் 5 மணி நேரமானது.

இரண்டாவது, ப்ரீசெட். எக்ஸ்264 என்கோடரில் வேகத்துக்கும் நிதானத்துக்கும் பல படிகள் உண்டு. தரம் கூடும் என்று நினைத்து மெதுவான படியில் வைத்திருந்தோம். தர அளவை மாற்றாமல் படியை மட்டும் மெதுவாக்கினால் பெரும்பாலும் கோப்பின் அளவுதான் சிறிதாகிறது, கண்ணுக்குத் தெரிகிற தரம் பெரிதாகக் கூடுவதில்லை. வேகமான படிக்கு மாற்றினோம். 5 மணி நேரம் 3 ஆனது. செலவு பூஜ்யம்.

மூன்றாவது, கைப்பேசி. நாங்கள் 4கேயில், ஹெச்இவிசி வடிவில் எடுத்திருந்தோம். 4கே என்பது 1080பியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். ஹெச்இவிசியை விரித்துப் படிக்கும் வன்பொருள் வசதி 2011ஆம் ஆண்டு சிப்பில் இல்லை. எழுதுவதற்கு முன் படிப்பதிலேயே அது களைத்துப் போகிறது. கேமரா அமைப்பில் 1080பி, ஹெச்.264 என்று மாற்றினோம். இதற்கும் செலவு பூஜ்யம். அடுத்த கூட்டத்தில் எடுத்த ஒரு மணி நேரப் பதிவு 1 மணி 40 நிமிடத்தில் முடிந்தது.

நான்காவது, எம்பி4 வடிவில் நேரடியாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தினோம். அந்த வடிவில் கோப்பின் அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் கரண்ட் போனால் அட்டவணை இல்லை, கோப்பும் திறக்காது. எம்கேவியில் எழுதினால் போனவரைக்கும் மிஞ்சும். பிறகு என்கோடிங் செய்யாமலே ஒரு நிமிடத்தில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். இது முன்பே தெரிந்திருந்தால் அன்று காலை ஆயாவின் பேச்சில் பெரும்பகுதியாவது கையில் இருந்திருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் காசை எடுத்தோம். இன்னொரு 4 ஜிபி பழைய ரேம் 600 ரூபாய். அது என்கோடிங்கை விரைவாக்காது, ஆனால் வெட்டி ஒட்டும்போது கணினி உறைந்து நிற்பது நின்றது. பின்பு பாசஞ்சர் ரயிலில் கேபினெட்டையே தூக்கிக்கொண்டு எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். இந்த முறை வெட்கப்படவில்லை. தெரியாததை எல்லாம் கேட்டோம். "எங்க மெஷின்ல மாட்டி, ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் காசு" என்றோம். நான்காவது கடையில் ஒப்புக்கொண்டார்கள். பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 5,000 ரூபாய். ஜிடி 1030ஐ 2,200க்கு எடுத்துக்கொண்டார்கள். மீதி 2,800 கொடுத்தோம்.

ஏன் அந்தக் கார்டு? அதில் என்கோடிங் பகுதி உண்டு. ஹெச்இவிசியையும் அது விரித்துப் படிக்கும். பெரும்பாலான மாடல்களுக்குத் தனியாக மின் கேபிள் வேண்டாம், மதர்போர்டு தரும் 75 வாட் போதும். எங்கள் எஸ்எம்பிஎஸ் எவ்வளவு தாங்கும் என்று அதன் மேல் ஒட்டிய காகிதத்தை நம்ப முடியாது என்பதால் இது முக்கியம். 1 மணி 40 நிமிடம் 40 நிமிடமானது. ஒன்றையும் மறைக்கக் கூடாது: அதே கோப்பு அளவில் கார்டின் படம் எக்ஸ்264 படத்தைவிடக் கொஞ்சம் சுமாராக இருக்கும். பிட்ரேட்டைச் சற்றுக் கூட்டி ஈடுகட்டுகிறோம். உங்கள் கணினியில் ஆறாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் சிப் இருந்து, அதிலேயே கிராஃபிக்ஸும் இருந்தால், கார்டு வாங்குமுன் அதன் க்விக் சிங்க் வசதியைப் போட்டுப் பாருங்கள். காசே செலவாகாமல் முடியலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். என்கோடிங் என்பதே எதையாவது கழித்துத் தள்ளுவதுதான். சுருக்கிய கோப்பு மக்களுக்குக் காட்ட. வழக்குக்கு வேண்டியது கைப்பேசியில் பிறந்த மூலக் கோப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் அந்த எண் மாறிவிடும். அதனால் எடுத்த அன்றே மூலத்தை இரண்டு இடங்களில் நகல் எடுத்து, ஹாஷைக் குறித்து வைக்கிறோம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அதுவும் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர், விலையும் அதுதான். நம் சொல்லை நாமே அச்சேற்றும் வேலை நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்குப் பார்த்துச் செய்வதும் புதிதல்ல. அதை நாங்கள்தான் கொஞ்ச நாள் மறந்திருந்தோம்.

மாதக் கூட்டத்தில் கணக்கு வாசித்தோம். மொத்தச் செலவு 8,750. மிச்சம் 450. ஜிடி 1030 வாங்கி விற்றதில் நட்டம் 1,300. இந்த வரியை வாசிக்காமல் விட்டுவிடலாம் என்று எங்களில் ஒருவருக்குத் தோன்றியது. வாசித்தோம்.

ஆயா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "ஆயிரத்து முந்நூறா?" என்றார். விரலை மடக்கினார். "நூறு நாள் வேலைல நாலு நாள் கூலிடா அது."

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, நான் பேசுனது இப்பவாச்சும் வருமா?" என்று கேட்டார். போட்டுக் காட்டினோம். 52 நிமிடமும் அசையாமல் பார்த்தார். அடுத்த வாரம் அதை மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். பாதை இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கணக்கு நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறோம். புதிதாக எதையாவது வாங்கலாம் என்று யார் சொன்னாலும் முதலில் அதைத்தான் திறந்து காட்டுகிறோம். அதில் தங்கையின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ஜிடி 1030. நட்டம் ரூ. 1,300. காரணம்: கேட்காமல் வாங்கியது.