விகடகவி படுத்திய பாடு

என் மகள் பள்ளியிலிருந்து ஒரு கணினிப் புதிரைக் கொண்டுவந்தாள். ஒரு சொல்லைக் கொடுத்தால், அது முன்னும் பின்னும் ஒன்றாகவே வாசிக்கப்படும் மாலைமாற்றா என்று கணினி கூறவேண்டும். ஆங்கிலச் சொற்களுக்கு அவள் எழுதிய நிரல் பிழையின்றி விடை பகர்ந்தது. "விகடகவி"யை இட்டதும் "அன்று" என்றுவிட்டது!

"அப்பா, நீங்கள் படிப்பித்தது பிழையோ?" என்றாள். இருபது வருடம் தமிழ் படிப்பித்தவனுக்கு இது சிறிய அவமானமா?

இராப்போசனத்தின் பின்னரே காரணம் புலப்பட்டது. நம் கண்ணுக்கு அது ஐந்தெழுத்து. யூனிகோட் முறையிலோ ஏழு குறியீடுகள். "வி" என்பது அங்கே வகரமும் இகர விசிறியுமாகிய இரண்டு. சொல்லைத் திருப்பியபோது ஒரு விசிறி அநாதையாய் முன்னே நிற்க, மற்றது அயலிலிருந்த ககரத்தில் ஏறிக்கொண்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இலக்கணத்தில் "க்" என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்தே "க" பிறக்கும். யூனிகோட்டிலோ "க" ஒன்று, "க்" இரண்டு. தொல்காப்பியர் இதற்குச் சம்மதிப்பாரோ!

ஆகவே, சொல்லைத் திருப்புமுன் எழுத்தெழுத்தாகப் பிரிக்க ஒரு கோலம் வகுத்தோம்: அகரம் முதல் ஹகரம் வரை ஏதேனும் ஓரெழுத்து, அதனை அடுத்துக் குறியோ புள்ளியோ வந்தால் அதனையும் உடன் சேர்த்துக்கொள். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இஃது ஒரு வரிக்குள் அடங்கிற்று. (ஆய்தத்தை முதலில் தவறவிட்டோம்; யூனிகோட் வரிசையில் அஃது அகரத்துக்கு முன்னே நிற்கின்றது.) வி, க, ட, க, வி எனத் துண்டுகள் அகப்பட்டன, அவற்றைத் திருப்பினோம்.

"ஆம்" என்றது கணினி. "தேருவருதே"க்கும் "ஆம்". பின்பு தன் பெயரை இட்டுப் பார்த்தாள். அது மாலைமாற்றன்று என்பதில் அவளுக்குச் சற்றே மனக்குறை.