சாவி என்னிடம் இருந்தது



உங்கள் குடும்பத்திலும் வளைகுடாவில் உழைக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவர் விடுமுறையில் ஊர் வரும்போது, "இத்தனை வருடம் உழைத்துவிட்டாய், வீட்டுக்கு ஒரு கார் வாங்கினால் என்ன?" என்ற பேச்சு எழாமல் இராது. காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டில் 2023ஆம் ஆண்டு மே மாதம் அந்தப் பேச்சு எழுந்தது. ஷார்ஜாவில் பத்தொன்பது ஆண்டுகள் கணக்கராகப் பணிபுரிந்த என் தம்பி, வெறும் கார் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. சிறிய சொகுசு எஸ்.யூ.வி. வேண்டும் என்றான்.

இவ்வகை வண்டியை அறியாதவர்களுக்குச் சற்று விளக்கிவிடுகிறேன். பார்வைக்கு ஜீப்பின் உயரமும் உள்ளே உயர்தரக் காரின் வசதியும் கொண்டவை இவை. நீளம் ஏறத்தாழ நாலரை மீட்டருக்குள் அடங்கிவிடும். நம் நாட்டில் பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 2010லும், ஆடி க்யூ3 2012லும், மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ. 2014லும், வோல்வோ எக்ஸ்சி40 2018லும் விற்பனைக்கு வந்தன. இவற்றுள் முதலாவது, செங்கல்பட்டுக்கு அருகே 2007 முதல் இயங்கிவரும் ஆலையில் நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகளால் பொருத்தப்பட்டு வந்ததாகும். எங்கள் வீட்டுக்கு வந்தது எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை நான் எழுதப்போவதில்லை. பின்னால் சொல்லவிருக்கும் குற்றம் வண்டியுடையதன்று.

தம்பியின் விருப்பத்தை நான் எதிர்த்தேன். மதரஸாவில் எளிமையைப் போதிப்பவனின் வீட்டு வாசலில் இப்படியொரு வாகனமா என்ற எண்ணம் ஒருபுறம். மேல்மாடி கட்டுவதற்காக அவன் சேர்த்து வைத்திருந்த பணம் இதில் கரையப்போகிறதே என்ற கவலை மறுபுறம். புதிய வண்டிக்கு அப்போது ஜி.எஸ்.டி.யும் மேல்வரியும் சேர்ந்து 50 விழுக்காடு. அதாவது நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பது ரூபாய் வரி; பதிவுச் செலவும் சாலை வரியும் தனி. (2025 செப்டம்பர் 22 முதல் இது 40 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது.) வங்கிக் கடன் எடுத்தால் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று விற்பனையாளர் ஆசை காட்டினார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். வட்டி என்ற சொல்லை நான் உச்சரிக்க வேண்டிய தேவையே எழவில்லை. "வேண்டாம் காக்கா, பழையதையே ரொக்கத்துக்குப் பார்ப்போம்" என்றான்.

பிறகு சென்னையில் மூன்று நாட்கள் அலைந்தோம். பழைய வண்டி வாங்க எண்ணுவோருக்குப் பயன்படும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். டில்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபின், அங்கிருந்து பல வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்தன. மலிவு என்று நம்பி வாங்கினால், இங்கே மறுபதிவு செய்யும்போது நம் மாநில வரியைத் தனியே கட்டவேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் அந்த டயர் தயாரானது என்று பொருள். வண்டி இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் தரகர், அதே வண்டியில் டயர் மட்டும் மாற்றப்பட்டிருந்தால் ஏன் மாற்றப்பட்டது என்பதற்கும் விடை சொல்லவேண்டும் அல்லவா? அந்த ஒரு கேள்வியால் இரண்டு வண்டிகளிடமிருந்து தப்பினோம்.

2020இல் பதிவான டீசல் வண்டியொன்று 28 லட்சத்துக்கு அமைந்தது. மேல்மாடிப் பணம் அப்படியே போயிற்று. அந்தப் பணத்துக்கு ஆண்டுதோறும் ஜகாத் கணக்கிட்டுக் கொடுத்து வந்தவன் அவன். சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனத்துக்கு ஜகாத் இல்லை. "இனி உனக்கு அந்தச் செலவும் மிச்சம்" என்று நான் குத்தலாகச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

வண்டி ஊர் வந்த அன்று, அதன்மீது எனக்கிருந்த வெறுப்பில் பாதியை உம்மா கரைத்துவிட்டார்கள். எழுபத்து நான்கு வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். தாழ்ந்த காரில் அவர்கள் உட்காருவது என்பது விழுவதற்குச் சமம். எழுப்ப இருவர் வேண்டும். பெரிய ஜீப் வகையில் ஏறுவதற்கோ முக்காலி போடவேண்டும். இந்த வண்டியின் இருக்கை சரியாக இடுப்பு உயரத்தில் இருந்தது. உம்மா திரும்பி நின்று, அப்படியே அமர்ந்து, கால்களை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். யார் கையையும் பிடிக்கவில்லை. "இது நம்ம வீட்டுத் திண்ணை மாதிரி இருக்கே" என்றார்கள். தம்பி ஏன் இந்த வகையைக் கேட்டான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவன் அதை என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் ஊரை அறிந்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் நடந்து செல்லும் முடுக்குகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டும், வண்டி நுழையாது. ஆகவே உறவினர் ஒருவரின் காலியான கிட்டங்கியில் அதை நிறுத்த ஏற்பாடாயிற்று. ஜூன் மாதம் தம்பி ஷார்ஜாவுக்குத் திரும்பினான். போகும்போது சாவியையும் ஒரு தாளையும் என் கையில் கொடுத்தான். தாளில் கணக்கருக்கே உரிய முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தான்: வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம், அறுபது கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் ஓட்டவும்.

இதற்குக் காரணம் உண்டு. இக்கால டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி நன்கு சூடேறி ஓடினால்தான் அதில் தேங்கிய கரி எரிந்து தீரும். கடைத்தெருவுக்கும் பள்ளிவாசலுக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். பேட்டரியும் அப்படித்தான். வண்டி உறங்கும்போதும் அதனுள்ளே கணினிகள் விழித்திருந்து மின்சாரத்தைச் சிறுகச் சிறுக உண்கின்றன. கல்லூரிக் காலம் முதலான என் நண்பர் ஒருவர் ஆம்பூரில் தோல் வணிகம் செய்கிறார். இதே வகை வண்டியில் வாரம் மூன்று முறை சென்னை சென்று வருபவர். அவர் இந்தத் தொல்லைகளில் ஒன்றையும் கண்டதில்லை. அவருடைய ஒரே குறை டயர்தான். காற்று இறங்கினாலும் எண்பது கிலோமீட்டர் வரை மெதுவாக ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயர்கள், அதனால் மாற்றுச் சக்கரம் கிடையாது, விலையும் கடுமை, பள்ளம் விழுந்த சாலையில் முதுகுக்கும் கடுமை.

தொடக்கத்தில் நான் ஒழுங்காகவே ஓட்டினேன். வெள்ளிதோறும் சுபுஹுக்குப் பின் தூத்துக்குடிச் சாலையில் சென்று வருவேன். இடக்காலுக்கு வேலையே இல்லாத தானியங்கி வண்டி. நாற்பத்தைந்து வயதில் எனக்கு அது பெரும் வசதி. ஆனால் ஒருநாள் தேநீர்க் கடையருகே ஒருவர், "ஹஜ்ரத்துக்கு நல்ல காலம்தான்" என்றார். வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு உறைத்தது. பிறர் பார்வையில் படக்கூடாது என்று ஒரு வாரம் தவிர்த்தேன். அடுத்த வாரம் தேர்வுத்தாள் திருத்தம் என்று ஒரு காரணம் கிடைத்தது. அதற்கடுத்த வாரம் மழை. இப்படி நவம்பர் தொடங்கி ஆறு வாரங்கள் கடந்தன. "வண்டி நலமா காக்கா?" என்று தம்பி கேட்கும்போதெல்லாம் நலம் என்றேன். உண்மையில் நான் கிட்டங்கிக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை எங்கள் ஊரில் எவரும் மறக்கமாட்டார். மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தம்பி முற்பகலிலேயே தொலைபேசியில் அழைத்து, வண்டியை மேட்டுப் பகுதிக்கு மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டான். மதரஸா மாணவர் எண்மருடன் சென்றேன். தெருவில் கணுக்கால் நீர். கிட்டங்கிக்குள் இன்னும் வரவில்லை. சாவியை அழுத்தினேன். வண்டி வாய் திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருந்த சிறு இரும்புச் சாவியால் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை.

தள்ளிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இவ்வகை வண்டியில் கியரை விடுவிப்பதும் மின்சாரமே. மின்சாரம் இல்லையென்றால் சக்கரம் பூட்டியபடியே நிற்கும். எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். அரை அடி நகரவில்லை. வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கம்பி கேட்டு அந்த மழையில் நான்கு வீடுகளின் கதவைத் தட்டினோம். ஒருவரிடமும் இல்லை. வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுத் திரும்பினோம். அதன்பின் வண்டியைப் பற்றி எண்ண நேரமில்லை. தாழ்வான தெருக்களின் குடும்பங்களை மதரஸாவின் மேல்தளத்துக்கு அழைத்து வந்தோம். உம்மாவை இருவர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

இரண்டு நாட்கள் தொலைபேசி இயங்கவில்லை. மூன்றாம் நாள் தம்பியின் குரல் கேட்டது. உம்மாவைக் கேட்டான், பிள்ளைகளைக் கேட்டான், மாணவர்களைக் கேட்டான். வண்டியைக் கேட்கவில்லை. நானே சொன்னேன். இருக்கை விளிம்பு வரை நீர் நின்றதைச் சொன்னேன். ஆறு வாரங்களையும் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. "மனிதர்கள் நலம்தானே காக்கா" என்றான்.

உடைந்த சாலைகள் சீரானபின் வண்டியை ஏற்றிச் சென்றார்கள். காப்பீட்டு மதிப்பீட்டாளர் ஒரு செய்தி சொன்னார். வெள்ளம் புகுந்த வண்டியை ஆர்வத்தால் இயக்கிப் பார்ப்பவர்களே அதிகம். அந்த நொடியில் நீர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எஞ்சின் முறிந்துவிடும். தனிப் பாதுகாப்பு எடுத்திராதவர்களுக்கு அந்த இழப்பீடு கிடைப்பதும் அரிது. உங்கள் பேட்டரி இறந்திருந்ததால் எஞ்சின் பிழைத்தது என்றார். என் அலட்சியத்துக்கு நற்சான்று வழங்குவதுபோல் இருந்தது அது. பேட்டரி உயிருடன் இருந்திருந்தால் வண்டி அன்று மேட்டில் நின்றிருக்கும். கம்பளம், இருக்கைகள், தரையடியில் இருந்த மின்னணுப் பெட்டிகள் அனைத்தும் மாற்றப்பட்டன. காப்பீடு தந்தது போக 1,90,000 ரூபாய் கைப்பொறுப்பாயிற்று. அதைத் தம்பி கட்டினான். மேல்மாடி மேலும் தள்ளிப்போயிற்று.

ஜனவரியில் வகுப்புகள் தொடங்கின. பாடம் முறைப்படி வதீஆ, அதாவது ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றிய சட்டம். அமானிதமாக வைத்த பொருள் தானாக அழிந்தால் வைத்திருந்தவர் பொறுப்பாகமாட்டார். அவருடைய கவனக்குறைவால் அழிந்தால் ஈடு செய்யவேண்டும். நான் வாசித்து முடித்ததும், அன்று வண்டியைத் தள்ளியவர்களுள் ஒரு மாணவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "ஹஜ்ரத், வெள்ளத்தால் அழிந்தால்?" என்றார். வகுப்பு முழுவதும் கிதாபைப் பார்த்துக்கொண்டிருந்தது. "வெள்ளத்துக்குப் பொறுப்பில்லை. வெள்ளத்துக்கு முந்திய ஆறு வாரங்களுக்கு உண்டு" என்றேன்.

அன்றிரவு தம்பியிடம் முழுத் தொகையையும் திருப்பித் தருவதாகச் சொன்னேன். கோபித்துக்கொண்டான். அண்ணனிடம் ஈடு வாங்கும் அளவுக்கு நான் தாழவில்லை என்றான். அவன் மன்னித்துவிட்டால் கடமை நீங்கிவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆயினும் அந்த மாணவர்களின் முன் நான் சொன்ன விடை அங்கே நிற்கிறதே! ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு உம்மாவே தீர்த்து வைத்தார்கள். மாதம் இரண்டாயிரம், தம்பியின் மகள் பெயரில் சேரவேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கியது. இடையில் நிற்காமல் இருந்தால், இன்ஷா அல்லாஹ், 2031 டிசம்பரில் முடியும். வண்டி அதுவரை எங்களிடம் இருக்கப்போவதில்லை.

விற்றுவிடலாமா என்று தம்பி இப்போது கேட்கிறான். வெள்ளம் கண்ட வண்டி என்பதை மறைக்காமல் சொன்னால் விலை பாதியாகிவிடும். மறைக்க நாங்கள் இருவருமே உடன்படவில்லை. உம்மாவுக்குத் திருநெல்வேலி மருத்துவரிடம் மாதம் ஒருமுறை போகவேண்டியிருக்கிறது. அடுத்த விடுமுறையில் அவன் வந்து முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். அதுவரை வெள்ளி காலைகளில் ஆறரை மணிக்குத் தூத்துக்குடிச் சாலையில் நீங்கள் என்னைக் காணலாம். தேநீர்க் கடைக்காரருக்கு இப்போதெல்லாம் நானே முதலில் ஸலாம் சொல்லிவிடுகிறேன்.