மத்தியதரைக் கடலில் ஏழு இரவுகள்

பூகோளப் புத்தகத்தில் மத்தியதரைக் கடலுக்குக் கிடைத்திருக்கும் இடம் ஒரு வாக்கியந்தான். கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை, திராட்சையும் ஒலிவமும் விளையும். இதை நான் இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். பிள்ளைகளும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த வறட்சிக்கும் மழைக்கும் நடுவில் ஒரு பருவம் இருக்கிறதே, அதைப் பற்றிப் புத்தகம் வாய் திறப்பதில்லை. அக்கடலைப் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும்தான் பார்க்க வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

காரணம் ஒன்றும் ரகசியமல்ல. நிலம் சீக்கிரம் சுட்டுச் சீக்கிரம் ஆறும்; நீர் மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும். ஆகையால் கரையில் காற்றுக் குளிரத் தொடங்கிய பிறகும், கடல் கோடையின் வெதுவெதுப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வெப்பமே சில சமயம் பெருமழையாகவும் கொட்டிவிடும். 2024 அக்டோபரில் ஸ்பெயின் தேசத்து வலென்சியாப் பிரதேசத்தில் வந்த வெள்ளத்தில் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். எங்களுக்கு அந்த ஆபத்து நேரவில்லை. பெரும்பாலும் வெயிலும் இதமான காற்றுமாகவே இருந்தது. ஐரோப்பியப் பள்ளிக்கூடங்கள் திறந்துவிடுவதால் கூட்டமும் குறைவு, கப்பல் கட்டணமும் குறைவு. எங்கள் பள்ளிக்கூடத்திலோ காலாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை. அதனுடன் என் கணக்கில் இருந்த லீவையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். வெகு நாளாகச் சேமித்த பணத்தை என்ன செய்வது என்று கேட்டபோது என் மனைவி, "எங்கேயாவது போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்" என்று சொன்னாள். இருபத்திரண்டு வருஷ இல்வாழ்க்கையில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

கப்பல் பார்சலோனாவில் புறப்பட்டு மார்செய்ல், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெஸ்ஸினா, வலேட்டா ஆகிய துறைமுகங்களைத் தொட்டு, ஒரு முழுப் பகல் கடலிலேயே ஓடி, எட்டாம் நாள் காலை மறுபடியும் பார்சலோனாவுக்கு வந்து சேரும். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா நான்கும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்தவை. ஆகையால் விசா ஒன்றே போதும். எங்கள் கப்பலில் ஏறக்குறைய நாலாயிரம் பிரயாணிகள். சிப்பந்திகள் ஆயிரத்துக்கு மேல். நம் ஊர்ப் பஞ்சாயத்து ஒன்றைப் பெயர்த்து மாடி மாடியாக அடுக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

புறப்படுமுன் எல்லோரையும் கூட்டி, உயிர்காப்புக் கச்சை கட்டும் விதத்தைக் காட்டினார்கள். சிலர் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். 2012 ஜனவரியில் இதே கடலில், ஜீலியோத் தீவின் ஓரத்தில், கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்கு இந்தப் பயிற்சி நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் நகருமுன்னரோ நகர்ந்த உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதியைக் கடுமையாக்கினார்கள்.

சும்மா இருப்பது சுலபமல்ல என்பது முதல் இரண்டு நாளிலேயே தெரிந்துவிட்டது. வீட்டில் போலவே காலை ஐந்து மணிக்கு என் மனைவி எழுந்துவிட்டாள். அடுப்பு இல்லை, பால் காய்ச்ச வேண்டாம், என் தாயாருக்கு மருந்து கொடுக்க வேண்டாம். என்ன செய்வதென்று தெரியாமல் மேல்தளத்தில் முன்னும் பின்னும் நடந்தாள். திரும்பி வந்து, அறைப் பணியாளர் வருவதற்குள் படுக்கையை உதறி, போர்வையை மடித்து, குளியலறையையும் துடைத்து வைத்துவிட்டாள். அறைப் பணியாளர் தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர். இரண்டாம் நாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அக்கா, நீங்கள் மடித்து வைப்பதால் எனக்கு வேலை குறையவில்லை. இங்கே ஒரு தினுசு மடிப்பு உண்டு. உங்கள் மடிப்பைப் பிரித்துவிட்டு நான் மறுபடியும் மடிக்க வேண்டும்."

"படுக்கையை அப்படியே போட்டுவிட்டு வெளியே போக எனக்கு மனம் வரவில்லையே, தம்பி!" என்றாள் என் மனைவி.

மார்செய்லில் உல்லாசக் கப்பல்கள் நிற்கும் இடம் ஊருக்கு வெகு வடக்கே இருக்கிறது. பழைய துறைமுகத்துக்கு வண்டியில்தான் போக வேண்டும். கி.மு. 600-ஐ ஒட்டிக் கிரேக்கர்கள் வந்து குடியேறிய பட்டணம் இது. சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தபின், கப்பலில் ஐரோப்பாவுக்குச் சென்ற நம்மவர் பலர் முதலில் கால் வைத்ததும் இங்கேதான். 1914 செப்டம்பரில் இந்தியச் சிப்பாய்கள் இங்கே இறங்கி, தங்களுக்குச் சம்பந்தமில்லாத யுத்தத்துக்கு நடந்து போனார்கள். 1931 செப்டம்பர் 11-ம் தேதி, வட்டமேஜை மகாநாட்டுக்குப் போகும் வழியில், காந்தியடிகள் 'ராஜபுதானா' கப்பலிலிருந்து இங்கே இறங்கினார். இவற்றை நினைத்துக்கொண்டு நான் நின்றிருந்தபோது, என் மனைவி மீன் விற்கும் பெண்மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ச் சந்தையில் கேட்கும் குரலேதான் என்பது அவள் தீர்ப்பு.

ஜெனோவாவில் கப்பல் ஊரின் வாசலிலேயே வந்து நிற்கிறது. ஜோஸப் மாஜினி 1805-ல் பிறந்த வீடு துறைமுகத்திலிருந்து சிறிது நேர நடையில், ஒடுங்கிய தெரு ஒன்றில் இருக்கிறது. இப்போது அது இத்தாலிய விடுதலைப் போராட்டத்தின் பொருட்காட்சிசாலை. பாரதியார் மாஜினியின் பிரதிக்கினையைத் தமிழ்ப் பாட்டாக்கினார் அல்லவா? அதனால் மாஜினி நமக்கும் பாதி உறவினர். ஆனால் எங்களோடு இறங்கிய நாலாயிரம் பேரில் ஒருவர்கூட அந்த வீட்டில் எங்கள் கண்ணில் படவில்லை. புரட்டாசி மாதமாதலால் நாங்கள் சைவ ஆகாரம். துளசிக்கு உறவான ஓர் இலையையும் பூண்டையும் பாலாடைக் கட்டியையும் ஒலிவ எண்ணெய் விட்டு அரைத்த 'பெஸ்டோ' என்ற துவையல் அவ்வூரின் விசேஷம். என் மனைவி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "புளி சேர்க்க மறந்துவிட்டார்கள்" என்றாள்.

நேப்பிள்ஸில்தான் இந்த மாதிரிப் பிரயாணத்தின் குறை நன்றாகத் தெரிகிறது. காலையில் இறங்கினால் மாலைக்குள் ஏறிவிட வேண்டும். அந்த எட்டு மணி நேரத்துக்குள் பாம்பேய் நகரத்தையும் பார்த்து, அங்கிருந்து எடுத்த பொருள்கள் உள்ள பொருட்காட்சிசாலையையும் நிதானமாகப் பார்ப்பது நடவாத காரியம். எங்கள் கப்பலில் வந்தவர்கள் பாம்பேய்க்குப் பஸ் பஸ்ஸாகப் போனார்கள். நாங்கள் பொருட்காட்சிசாலைக்குப் போனோம். அங்கே ஒரு சிறு தந்தச் சிலை இருக்கிறது. ஒரு சாண் உயரத்துக்குச் சற்று அதிகம். இடுப்பில் மேகலை, கழுத்திலும் கைகளிலும் நகைகள், இரு பக்கமும் இரண்டு தோழிப் பெண்கள். 1938-ல் பாம்பேய் வீடு ஒன்றைத் தோண்டியபோது அகப்பட்டது. லக்ஷ்மி என்று முதலில் பெயரிட்டார்கள். யக்ஷியாக இருக்கலாம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. எவளாயிருந்தாலும் நம் தேசத்துப் பெண்.

ரோமாபுரியின் பொன்னெல்லாம் மிளகுக்கும் முத்துக்கும் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று தம் நூலில் அங்கலாய்த்தவர் பிளினி. அவரும் இந்த நேப்பிள்ஸ் வளைகுடாவின் கரையிலேதான், கி.பி. 79-ல் வெசுவியஸ் வெடித்தபோது, கப்பல்களுடன் உதவிக்குப் போய் உயிர் நீத்தார். அந்தப் பொன்னும் வெள்ளியும் கொங்கு நாட்டு மண்ணிலிருந்து இன்றைக்கும் நாணயங்களாகக் கிடைத்துவருவதைக் கண்டால் என்ன சொல்வாரோ! அந்த எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24 என்றே நெடுங்காலம் புத்தகங்கள் சொல்லி வந்தன. 2018-ல் பாம்பேய்ச் சுவரொன்றில், நவம்பர் முதல் தேதிக்குப் பதினாறு நாள் முன்பு என்று கரியால் கிறுக்கிய எழுத்து அகப்பட்டது. அதைக்கொண்டு, அழிவு வந்ததும் இலையுதிர் காலத்தில்தான் என்று பலர் இப்போது கருதுகிறார்கள்.

மெஸ்ஸினாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1908 டிசம்பர் 28-ல் பூகம்பம் அவ்வூரைத் தரைமட்டமாக்கியது. இப்போது இருப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்த ஊர். கோயில் மணிக்கூண்டில் 1933-ல் அமைத்த கடிகாரம் நடுப்பகலில் சிங்கம் கர்ஜித்துச் சேவல் கூவுகிறது. குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகமாகக் கைதட்டினார்கள்.

வலேட்டா வேறு விஷயம். காலையில் கப்பல் உள்ளே நுழையும்போது இரு பக்கமும் தேன் நிறத்துக் கல்லால் ஆன கோட்டைகள் எழுந்து நிற்கின்றன. துருக்கியரின் 1565-ம் வருஷத்து முற்றுகை நீங்கிய மறு வருஷமே அஸ்திவாரமிட்ட நகரம். ஜனங்கள் பேசும் பாஷை அரபு வழி வந்தது, எழுதுவது ரோமன் எழுத்தில், வேண்டுவது கிறிஸ்துவ தேவாலயத்தில். இந்த மூன்றும் ஒரே தீவில் சண்டையில்லாமல் வாழ்வதைப் பார்ப்பதற்கே ஒரு வாரம் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பாதிப் பகல். அன்று துறைமுகத்தில் மூன்று கப்பல்கள். பத்து மணிக்குள் தெருக்கள் நிரம்பிவிட்டன. ஒரு கிழவி காய்கறிப் பையுடன் தன் வீட்டு வாசலுக்குப் போக முடியாமல், படம் பிடிப்பவர்கள் விலகட்டும் என்று காத்து நின்றாள். என் மனைவிதான் என் கையைப் பிடித்து இழுத்து வழி விட்டாள். "நம் வாசலில் தினமும் இப்படி நின்றால் நான் என்ன சொல்வேன்?" என்று கேட்டாள்.

என்ன சொல்வார்கள் என்பதைச் சில ஊர்கள் சொல்லியே விட்டன. வெனிஸ் நகரின் நடுக் கால்வாயில் பெரிய கப்பல்கள் வருவதை 2021 ஆகஸ்டில் இத்தாலிய அரசாங்கம் தடுத்துவிட்டது. பார்சலோனாவில் 2024 ஜூலையில் ஊர்வலம் போனவர்கள் உணவு விடுதிகளில் இருந்த பிரயாணிகள்மீது விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீரைப் பீச்சினார்கள். கப்பல்களின் புகையைக் குறைப்பதற்காக, 2025 மே முதல் தேதியிலிருந்து இக்கடல் முழுவதிலும் எரிபொருளில் உள்ள கந்தகம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி வந்திருக்கிறது. நாலாயிரம் பேர் காலையில் இறங்கி, கப்பலிலேயே உண்டு, கப்பலிலேயே உறங்கினால் ஊருக்குக் குப்பைதான் மிஞ்சும் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாங்கள் அன்று பகல் உணவை ஊருக்குள்ளேயே முடித்துக்கொண்டோம்.

மாலையில் கப்பல் மேற்கே திரும்பியது. சிசிலிக்கும் டுனீஷியாவுக்கும் இடையில் உள்ள கடல் அகலமானதல்ல. குறுகிய இடத்தில் 150 கிலோமீட்டருக்கும் குறைவு. எங்கள் வழிக்குத் தெற்கே லாம்பெடூஸாத் தீவு. 2013 அக்டோபர் 3-ம் தேதி விடியற்காலை, ஆப்பிரிக்காவிலிருந்து பிழைப்பும் அபயமும் தேடி வந்தவர்களின் படகு அத்தீவின் அருகில் தீப்பற்றிக் கவிழ்ந்து, 360 பேருக்கு மேல் மாண்டார்கள். 2014 முதல் இக்கடலில் இறந்தோ காணாமலோ போனவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல் என்பது சர்வதேசக் குடிபெயர்வு ஸ்தாபனத்தின் கணக்கு. நான் இதைச் சொன்னதும், கீழே வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்த கூடத்துக்குப் போகலாம் என்று எழுந்த என் மனைவி மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். நள்ளிரவு கடந்தும் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படகு ஏதாவது தென்பட்டால் இந்தக் கப்பல் நிற்குமா?" என்று கேட்டாள்.

நிற்க வேண்டும் என்பது கடல் சட்டம். தன் கப்பலுக்கும் அதில் உள்ளவர்களுக்கும் பெரும் ஆபத்தின்றி முடியுமானால், தத்தளிப்பவர்களை எந்தக் கப்பல் தலைவனும் காப்பாற்றியாக வேண்டும். உல்லாசக் கப்பல்கள் அப்படிக் காப்பாற்றியும் இருக்கின்றன. அன்று எங்கள் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை.

மறுநாள் எங்கும் கரையில்லை. என் மனைவி காலை ஒன்பது மணிவரை தூங்கினாள். திருமணத்துக்குப் பிறகு, காய்ச்சல் இல்லாத நாளில், அவள் அவ்வளவு நேரம் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் பகல் முழுவதும் சாய்வு நாற்காலியில் கிடந்து, நீல நீரைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் பேச நேரமில்லாத விஷயங்களைப் பேசினோம். அவற்றில் சிலவற்றை இருபது வருஷத்துக்கு முன்பே பேசியிருக்கலாம்.

சாயங்காலம் தூத்துக்குடித் தம்பி தண்ணீர் கொண்டுவந்தபோது, உனக்கு ஓய்வு எப்போது என்று அவள் விசாரித்தாள். எட்டு மாத ஒப்பந்தம். ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. அதுவரை ஒரு முழு நாள் விடுமுறை கிடையாது. கப்பல் தொழிலாளர் பற்றிய சர்வதேச உடன்படிக்கை வேலை நேரத்துக்கு விதித்திருக்கும் உச்ச வரம்பு நாளொன்றுக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி. "அதற்கு மேல் வாங்குவதில்லை, அக்கா. அதற்குள் வாங்கிவிடுகிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். குழந்தை பிறந்த செய்தி நேப்பிள்ஸில் வந்ததாம். தொலைபேசியில் முகம் பார்த்தாராம்.

எட்டாம் நாள் பார்சலோனா. ஒன்பது மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். படுக்கையை உதறாமலே என் மனைவி வெளியே வந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்து பிரிக்காமல் வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாய்ப் புட்டியைத் தம்பியிடம் கொடுத்தாள். அவர் அதை வண்டியில் துண்டுகளுக்கு அடியில் பத்திரப்படுத்திவிட்டு, அடுத்த அறைக்கு ஓடினார். அவர் பொறுப்பில் இருந்த அறைகள் எல்லாம் பகல் ஒரு மணிக்குள் தயாராக வேண்டுமாம். நாங்கள் இறங்கும்போதே, புதிதாக ஏற வேண்டியவர்கள் பெட்டிகளுடன் கீழே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.